ஒன்பது மணிப் பெட்டி

கேபிள்காரர் பரப் மூன்றாம் மாதமும்
வசூலுக்கு மட்டும் சரியாக வந்தபோது
போதும் என்றேன்.
திரை முழுக்கச் சதுரம் சதுரமாய்
முகங்கள் உடைந்து நின்ற மழைக்காலம் அது.
கதாநாயகியின் மூக்கு ஒரு மூலையில், தாலி ஒரு மூலையில்.

கோவண்டியில் ஏறி, குர்லாவில் மாறி,
தாதரில் இன்னொரு தடவை மாறி
கிராண்ட் ரோட்டில் இறங்கினோம்.
லேமிங்டன் சாலையில் கடைக்குக் கடை பெட்டிகள்,
சூளையில் செங்கல் அடுக்கின மாதிரி.
தவசிக்கனி ஒவ்வொன்றாய் எடுத்துக் கனம் பார்த்தார்.
தேங்காய் வாங்கினாலும் அவர் அப்படித்தான்,
காதோரம் வைத்து ஆட்டுவார்.
இதையும் ஆட்டினார்.
கடைப்பையன் ஷகீல் சிரிக்கவில்லை,
அதற்காகவே அந்தக் கடை.

எத்தனை டிவி? ஒன்று.
எத்தனை அங்குலம்? முப்பத்திரண்டு,
சுவர் அவ்வளவுதான்.
ஹெச்டியா, சாதாவா?
"அம்மா முதலில் கண்ணாடியை மாற்றட்டும்" என்றாள் ஜெபா.
மாதக் கட்டணமே இல்லாத பெட்டியும் இருந்தது.
அதில் தேடினால் அகப்படும் தமிழ்
இஸ்திரி மடிப்புக் கலையாமல் பேசும்.

பிறகு ஒரு தாளை நீட்டினான்.
மராட்டி, உள்ளே.
இந்தி, உள்ளே.
குஜராத்தி கூட ஒரு ஓரமாய் உள்ளே.
தமிழ் கூடுதல், மாதம் அறுபத்தெட்டு.
பதினேழு வருஷமாய் இந்த ஊரில்
தண்ணீருக்குக் கொடுத்தோம், கழிப்பறைக்குக் கொடுத்தோம்.
வீட்டுக்குள் பேசுவதற்கு ரசீது
இதுதான் முதல் தடவை.

ஜெபாவுக்கு மராட்டிக் கார்ட்டூன் போதும்.
இவருக்குக் கிரிக்கெட், அதற்கு எந்தப் பாஷையும் வேண்டாம்.
ஆக, அறுபத்தெட்டும் என் ஒருத்தி கணக்கில்.
இரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள்,
என்னைப் பார்க்கவில்லை.
"நீ எங்கே பார்க்கப்போகிறாய்?" என்றார் இவர்.
குத்தலாக இல்லை, கணக்காக.

நிஜம்தானே.
தொடர் ஒன்பது மணிக்கு.
ஏழே முக்காலுக்கு நான் பஸ்ஸில்.
ஒன்பதுக்கு சாக்கிநாக்கா சலவைக்கூடத்தில்
ஓட்டல் விரிப்பின் இரண்டு முனை என் கையில்,
இரண்டு முனை மீராபாய் கையில்.
காலையில் திரும்பினால் டிவியில் ராசிபலன் ஓடும்,
என்னுடைய நாள் முடிந்திருக்கும்.

ஒரு கேள்வி கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது,
இதைக் கேட்கத்தான் மூன்று ரயில் ஏறியிருக்கிறேன்.
"காத்திருக்கிற பெட்டி இருக்கிறதா?"

ஷகீல் ஸ்டூல் போட்டு மேல்தட்டில் துழாவினான்.
பதிவு செய்கிற பெட்டி, ஆயிரத்து இருநூறு கூட.
"நேரம் சொல்லி வையுங்கள் தீதி,
நீங்கள் இல்லாவிட்டாலும் அது பார்த்துவிடும்."

தட்டு மாட்ட வந்தவன் திசைகாட்டியோடு
எங்கள் சீட்டா கேம்ப் தகரத்தின் மேல்
ஒரு மணி நேரம் குந்தியிருந்தான்.
தென்கிழக்கில் வானம் வேண்டுமாம்.
தென்கிழக்கில் இருப்பதோ
அடுத்த சந்தில் எழும் பன்னிரண்டு மாடி.
அதற்கும் பள்ளிவாசல் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே
கடைசியில் ஒரு முழம் கிடைத்தது.
அந்த ஒரு முழத்தில்தான் வருகிறது எனக்கு.

இப்போதெல்லாம் ஒன்பது அடித்தால்
பெட்டியின் நெற்றியில் சிவப்பாய் ஒரு புள்ளி எரிகிறதாம்.
ஜெபா போட்டோ அனுப்பினாள்.
இருட்டில் அது மட்டும் தெரிந்தது,
பக்கத்தில் இவருடைய முழங்கால்.
அந்த அரைமணி நேரம் கிரிக்கெட்டே ஆனாலும்
ரிமோட்டைத் தொடவிடுவதில்லையாம்.
"அம்மாவுக்கு ஓடுது" என்பாராம்.

நான் இதுவரை ஒன்றும் பார்க்கவில்லை.
ஞாயிறென்றால் தூக்கம், இல்லையென்றால் தண்ணீர்க் குடம்.
நேற்று திரையில் எழுத்து வந்தது,
இடம் நிறைந்தது, பழையவற்றை அழிக்கலாமா என்று.

நாற்பத்தோரு ராத்திரி.
கதை யாருடையதோ, என்னவோ.
எனக்குப் பதிலாக
இந்த வீடு உட்கார்ந்திருந்த அரைமணி நேரங்கள்.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

இன்றைக்கு ஒன்பது மணிக்குப் புள்ளி எரியாது.
இவரிடம் நான் சொல்லவில்லை.